செட்டிநாட்டு மாயக் கதையில் செந்தட்டி: புதிதாக எழுத வருவோருக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டைக் களமாகக் கொண்டு மாயக் கதை எழுத முற்படும் புதியவர்கள் பலர், மந்திரக்காரியின் கையில் கடுக்கும் செடி ஒன்றைக் கொடுக்க வேண்டிய இடம் வந்ததும், மேல்நாட்டுக் கதைகளில் படித்த ‘நெட்டில்’ செடியை வேரோடு பெயர்த்து வந்து கானாடுகாத்தான் வீட்டுக் கொல்லையில் நட்டுவிடுகிறார்கள். அந்தச் செடி அங்கே பிழைக்காது. குளிர்ந்த நாட்டின் ஈரமும் உரமும் நிறைந்த மண்ணை நாடுவது அது. நம்முடையது செம்மண்ணும் சரளையும் கலந்த, மழைக்கு ஏங்கும் பூமி. ஆனால் அதே கொல்லையின் வேலியில், தொட்டவர் கையைத் துடிக்கவைக்கும் செந்தட்டி யாரும் அழைக்காமலே படர்ந்திருக்கிறது. அதைக் கதைக்குள் கொண்டுவரும் முறையைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேவகோட்டைப் பக்கத்து ஊரில், ஊருணிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் என் அப்பத்தா முன்னால் நடந்துகொண்டே, வேலியோரம் வந்ததும் திரும்பிப் பார்த்து, “ஆத்தா, அதுக்குச் சுணை அதிகம். உரசாமப் போ” என்பார். சுணை என்ற சொல்லுக்குச் செடிகளின் மேல் இருக்கும், உடலில் பட்டால் அரிக்கும் நுண்மயிர் என்பது ஒரு பொருள். மான உணர்ச்சி என்பது இன்னொரு பொருள். மானமற்றவனைச் சுணை கெட்டவன் என்று சொல்வது இரண்டாம் பொருளைக் கொண்டுதான். மதிப்பின்றித் தொடுவதைப் பொறுக்காத செடி என்பது அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. செந்தட்டியை வைத்து எத்தகைய மந்திரத்தை நீங்கள் கட்டினாலும், இந்தச் சொல்லை அதன் அடிமண்ணாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதற்படி: எந்தச் செடி என்பதை முடிவு செய்யுங்கள்

கடுக்கும் செடிகளின் பெயர்கள் தமிழில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. செந்தட்டியைச் சிறுகாஞ்சொறி என்றும், சில ஊர்களில் செந்தொட்டி என்றும் சொல்வார்கள். மலையாளத்தில் அது கொடித்தூவை. தாவரவியலில் ட்ராஜியா இன்வாலுக்ராட்டா என்று பெயர் பெற்ற இது, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிய சுற்றுக்கொடி. இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும், காய் மூன்று பிரிவாக இருக்கும், இலையிலும் தண்டிலும் காயைச் சுற்றியுள்ள செதில்களிலும் சுணை உண்டு. மேலே சொன்ன ‘நெட்டில்’, அதாவது ஐரோப்பியக் காஞ்சொறியான உர்டிகா டயோய்கா, வேறு குடும்பம். கொடி அன்று, நிமிர்ந்து வளரும் செடி. இவ்விரண்டுக்கும் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ஒரே நூலில்தான் அறிவியல் பெயர்கள் அமைந்தன என்பதைத் தவிர உறவு எதுவும் இல்லை. ட்ராஜியா என்ற பேரினப் பெயர், 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹியரோனிமஸ் போக் என்ற ஜெர்மானிய மூலிகை அறிஞரின் நினைவாக வந்தது. அவருடைய குடும்பப் பெயருக்கு ஜெர்மன் மொழியில் ஆட்டுக்கடா என்று பொருள். அதைக் கிரேக்க வழியில் ‘ட்ராகஸ்’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் பெயரை இன்னொரு மொழியில் மறைத்து அதைச் செடிக்குச் சூட்டும் இந்த வழக்கமே ஒரு மாயக் கதைக்கு விதையாகக்கூடியது.

பூனைக்காலியை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் கடுப்பது இலை அன்று; நெற்றின் மேல் போர்த்தியிருக்கும் பழுப்பு மயிர். காய்ந்த நெற்றை உலுக்கினால் அது உதிர்ந்து காற்றில் பறக்கும். தூவும் பொடியோ, எதிரியின் படுக்கையில் இரவோடு இரவாகச் செய்யும் தீங்கோ உங்கள் கதைக்கு வேண்டுமானால் பூனைக்காலியை எடுங்கள். நேருக்கு நேர் தொடுதல், காவல், நேர்த்திக்கடன் ஆகியவை வேண்டுமானால் செந்தட்டியை எடுங்கள். ஒரு கதையில் இரண்டையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்தினால் வாசகருக்கு எதுவும் நினைவில் நிற்காது.

இரண்டாம் படி: கடுக்கும் விதத்தை அறிந்து, அதிலிருந்து மந்திர விதியை எடுங்கள்

ஐரோப்பியக் காஞ்சொறியின் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே குழலாக அமைந்த ஒரு நுண்ணூசி. அதன் நுனி கண்ணாடியைப் போன்ற சிலிக்காவால் ஆனது; தொட்டதும் நுனி ஒடிந்து, ஹிஸ்டமின், அசிடைல்கோலின், செரடோனின் முதலியவை கலந்த நீர் தோலுக்குள் இறங்குகிறது. செந்தட்டி வேறு விதமாக வேலை செய்கிறது. அதன் சுணையின் நுனியில் கால்சியம் ஆக்சலேட்டால் ஆன கூரிய படிகம் ஒன்று இருக்கிறது. அழுத்தம் பட்டதும் அது வெளிப்பட்டுத் தோலைக் குத்தித் துளைக்க, எரிச்சல் தரும் பொருள் அந்தத் துளை வழியாக உள்ளே போகிறது. சுருங்கச் சொன்னால், அவர்களுடைய செடி ஊசி போடுகிறது, நம்முடையது வேல் எறிகிறது. வேல் என்ற சொல்லுக்குத் தமிழ் வாசகர் மனத்தில் இருக்கும் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. குன்றக்குடி மலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஒன்று தன் கையில் ஏறிய செந்தட்டிச் சுணையை எதனோடு ஒப்பிடும் என்று யோசித்தால், உங்கள் கதையில் உவமை தானாக வந்து அமையும்.

இச்செய்திகளிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. செடி தானாக யாரையும் தேடிச் சென்று தாக்குவதில்லை. ஆகவே அதன் மந்திரமும் தொடுபவர்மீது மட்டுமே பலிக்க வேண்டும். தொட்ட அந்தக் கணத்திலேயே கடுப்பு தொடங்குகிறது. ஆகவே ஏழாம் நாள் பலிக்கும் சாபத்துக்கு இது ஏற்ற செடி அன்று. பறிப்பவருக்கும் பகைவருக்கும் அது வேறுபாடு காட்டுவதில்லை. ஆகவே இதைக் கையாளும் மந்திரக்காரி முதல் வலியைத் தானே வாங்கிக்கொள்கிறாள். புதியவர்கள் பெரும்பாலும் கைவிடுவது மூன்றாம் விதியைத்தான். நாயகிக்கு மட்டும் செடி அடங்கிப்போவதாக எழுதிவிடுகிறார்கள். அந்த வரியோடு செடியின் சுணையும் போய்விடுகிறது.

செந்தட்டிக்கு அஞ்சாத உயிர் வேண்டுமென்றால், அது இயற்கையிலேயே இருக்கிறது. ஆமணக்கு இலையைத் தின்னும் ஒருவகைப் பழுப்பு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் செந்தட்டி இலையையும் தின்று வளர்கின்றன. அந்தப் பேரினத்துக்கு அறிஞர்கள் இட்ட பெயர் அரியாட்னி. கிரேக்கப் புராணத்தில் திசைமயக்கும் மாளிகையிலிருந்து வெளியேற நூலுருண்டை கொடுத்து வழிகாட்டிய பெண்ணின் பெயர் அது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் வழி தவறிய பாத்திரத்துக்கு, கொல்லைச் செந்தட்டியிலிருந்து புறப்பட்ட பழுப்புப் பூச்சி ஒன்று வழிகாட்டுவதாக எழுத யாராவது முன்வந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

மூன்றாம் படி: பிற நாட்டு வழக்குகளைக் கற்று, பொருந்துவதை மட்டும் எடுங்கள்

ஐரோப்பாவில் காஞ்சொறியைச் சுற்றிச் சேர்ந்த நம்பிக்கைகள் பல. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கில மருத்துவச் சுவடி ஒன்றில், உடலில் திடீரென்று பாயும் குத்துவலிக்கு ஒரு மந்திரம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வலிய பெண்கள் எறிந்த ஈட்டியே அந்த வலிக்குக் காரணம் என்று அது கருதுகிறது. வீட்டினூடே வளரும் சிவந்த காஞ்சொறியை வேறு இரு மூலிகைகளோடு வெண்ணெயில் காய்ச்சச் சொல்கிறது. குத்தும் வலியைக் குத்தும் செடியால் முறிக்கும் இந்த அறிவு முள்ளை முள்ளால் எடுக்கும் நமக்கு அயலானதன்று. இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். உரோமானிய அறிஞர் பிளினி, காய்ச்சலுக்காகக் காஞ்சொறி வேரைத் தோண்டுபவர்கள் நோயாளியின் பெயரையும் பெற்றோர் பெயரையும் சொல்லிக்கொண்டே தோண்ட வேண்டும் என்ற நம்பிக்கையைப் பதிந்திருக்கிறார். இதற்கு நிகரான வழக்கு நம்மிடமே இருப்பதை அடுத்த படியில் சொல்கிறேன். ஆல்ப்ஸ் மலைப்பகுதியான டிரோலில் இடி மின்னல் வரும்போது காஞ்சொறியை அடுப்பில் இட்டால் வீடு தப்பும் என்று நம்பினார்கள். செட்டிநாட்டுக்கு அது தேவைப்படாது.

துணியைப் பற்றிய வழக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பியக் காஞ்சொறியின் தண்டில் நல்ல நார் உண்டு. டென்மார்க்கில் வெண்கலக் காலப் புதைகுழி ஒன்றில் காஞ்சொறித் துணி கிடைத்திருக்கிறது. முதல் உலகப் போரில் பருத்தி கிடைக்காத ஜெர்மனி இந்த நாரைச் சீருடைக்குப் பயன்படுத்தியது. அதே டென்மார்க்கில் 1838-இல் அச்சேறிய கதை ஒன்றில், அன்னங்களாக மாறிவிட்ட 11 அண்ணன்மாரை மீட்கத் தங்கை இடுகாட்டுக் காஞ்சொறியை வெறுங்கையால் பறித்து, காலால் மிதித்து, வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாமல் 11 சட்டைகள் பின்னுகிறாள். கடைசிச் சட்டையில் ஒரு கை முடியாமல் போனதால், இளையவனுக்கு ஒரு கைக்குப் பதிலாகச் சிறகு தங்கிவிடுகிறது. வலி விலையாகவும் அன்பு அதற்கான காரணமாகவும் அமைந்திருப்பதே அக்கதையின் உயிர். ஆனால் செந்தட்டி மெல்லிய கொடி. துணிக்கு நூல் தரும் செடியாக அதைக் காட்டினால் ஊரறிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். சட்டையை விட்டுவிட்டு, வெறுங்கையால் செய்யும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரி தருகிறேன். நம் பகுதியில் புரவி எடுப்புத் திருவிழாவின்போது, ஊரார் பிடிமண் கொடுத்த பின்னரே மண்பாண்டம் செய்யும் வேளார் ஐயனாருக்கு மண் குதிரை செய்யத் தொடங்குவார். அப்படிச் செய்த குதிரைகளில் ஒன்று, கோயிற்காட்டை விட்டு இரவில் இறங்கி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கயிறும் அதன் கழுத்தில் நிற்பதில்லை. செந்தட்டிக் கொடியை வெறுங்கையால் முறுக்கிச் செய்த கடிவாளம் ஒன்றுக்கு மட்டுமே அது அடங்கும். ஏனென்றால் மண்ணைப் பிடித்த கை வலியையும் பிடிக்க வேண்டும் என்பது உங்கள் கதையுலகின் நியதி. கொடி மெல்லியதாயிற்றே, குதிரையை எப்படித் தாங்கும் என்று வாசகர் கேட்பார். கயிற்றின் வலிமையால் அன்று, முறுக்கியவளின் பொறுமையால் அது நிற்கிறது என்று காட்டுங்கள். ஊருக்கே பொதுவான குதிரையின் பொருட்டு ஒருத்தியின் உள்ளங்கை மட்டும் தடித்துச் சிவந்திருப்பதைச் சொல்லிவிட்டால், அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் பயன்படும். மனிதரும் மாடும் நெடுங்காலம் வாழ்ந்து கைவிட்ட இடங்களில் மண்ணில் பாஸ்பேட் சேர்ந்திருப்பதால், ஐரோப்பியக் காஞ்சொறி அங்கே செழித்து வளரும். வீடு இருந்த தடம் அழிந்த பின்னும் செடி அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். செந்தட்டிக்கு இதே குணத்தை அறிவியலாக ஏற்றிச் சொல்லக் கூடாது. எனினும் பங்காளிகள் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பிரிந்து போனபின் பூட்டிக் கிடக்கும் வளவுகளின் பின்கட்டில் வேலிக்கொடிகள் உள்ளே நுழைந்திருப்பதை நாம் கண்ணால் காண்கிறோம். பர்மாத் தேக்கின் கதவை எந்தச் சாவி திறக்கும் என்பது மறந்துபோன வீட்டில், காவலுக்கு நிற்பதாக இந்தச் செடியை எழுதுவது கதாசிரியரின் உரிமை.

திபெத்தியத் துறவி மிலரேபா, குகையில் காஞ்சொறிக் கூழையே உண்டு உடல் பச்சை நிறமானார் என்று அவருடைய வரலாற்றுக் கதைகள் கூறுகின்றன. கேரளத்தில் ஆடி மாதத்துப் பத்திலைக் கறியில் தூவை இனக் கீரையும் இடம் பெறுகிறது. வெந்தபின் சுணை அடங்கும் என்ற கருத்து உங்களுக்குப் பயன்படும் என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன். உங்கள் கதையின் ஆச்சியைச் செந்தட்டிப் பொரியல் செய்ய வைக்க வேண்டாம். நம் பக்கத்துச் சமையலில் அதற்கு இடமில்லை.

நான்காம் படி: பறிக்கும் முறையையும் செயலையும் நம் மரபிலிருந்து அமையுங்கள்

மூலிகையை மந்திரத்துக்காக எடுப்பவர்கள் செடிக்குக் காப்புக் கட்டி, படையலிட்டு, சாப நிவர்த்தி சொல்லி, அதன் பிறகே வேரை எடுப்பது நம் மரபு. செடிக்கு உயிர் உண்டு, அதனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. சுணை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சடங்கு இல்லை. மஞ்சள் நூலைச் செந்தட்டியில் கட்டுவதற்கே அதைத் தொட்டாக வேண்டும் என்பதை மறவாதீர்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பொறுமையாக எழுதினால், உங்கள் மந்திரக்காரி யார், எவ்வளவு காலமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள், செடியை மதிக்கிறாளா, அவசரப்படுகிறாளா என்பவை எல்லாம் வாசகருக்குத் தெரிந்துவிடும்.

தமிழ் மாந்திரீக மரபு செயல்களை 8 கருமங்களாகப் பிரிக்கிறது. அவற்றுள் வசியத்துக்கும் மோகனத்துக்கும் செந்தட்டி பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தள்ளி நில் என்று சொல்லும் செடியை அருகில் வா என்று சொல்லும் வேலைக்கு அனுப்பக் கூடாது. விரட்டும் உச்சாடனமும், அசையாமல் நிறுத்தும் தம்பனமும் அதற்கு இயல்பானவை. மாரணத்தை விட்டுவிடுங்கள். செந்தட்டி யாரையும் கொல்வதில்லை, தண்டித்து அனுப்பிவிடுகிறது. வங்காளத்தின் பழைய பாடசாலைகளில் இதே செடியைப் பிள்ளைகளின் உடலில் தேய்த்துத் தண்டித்ததாக 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் உள்ளன. அந்தக் கொடுமையை நினைக்கும்போது, செடியின் சுணையை வலியவர் எளியவர்மீது ஏவும் கதையும், அந்த ஏவலைச் செடி ஏற்க மறுக்கும் கதையும் எழுதப்பட வேண்டியவை என்று தோன்றுகிறது.

வீட்டில் அதற்குரிய இடத்தையும் சரியாக வையுங்கள். வாசலில் கண்ணேறு கழிக்கக் கற்றாழையும் ஆகாச கருடன் கிழங்கும் தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். செந்தட்டியை அங்கே தொங்கவிடாதீர்கள். ஆத்தங்குடித் தளத்தில் கோலமிட்ட வாசலுக்கு அது வராது. கொல்லைவேலி, கிணற்றடி, கண்மாய்க்கரைப் புதர், கோயிற்காட்டின் விளிம்பு ஆகியவையே அதன் இடங்கள். வாசலைத் தெய்வம் காக்கிறது, கொல்லையை இந்தச் செடி காக்கிறது என்ற பிரிவினை, முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்த நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்தும். மழைக்குப் பிறகு தளிர்க்கும் கார்த்திகையில் அதன் வலிமை ஓங்குவதாகவும், சித்திரை வெயிலில் காவல் தளர்வதாகவும் காலத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். நீங்களே கற்பித்த சடங்கை வைரவன்பட்டியிலோ இளையாத்தங்குடியிலோ நடப்பதாக எழுதாதீர்கள். அவை வழிபாடு நடக்கும் நகரத்தார் கோயில்கள். அங்கு நடக்காத ஒன்றை நடப்பதாகச் சொன்னால் படிப்பவர் நம்பிவிடுவார், அந்த ஊர்க்காரர் வருந்துவார். கற்பனைச் சடங்குக்குக் கற்பனை ஊர் ஒன்றை உண்டாக்குங்கள். மண், மரம், மொழி, வீட்டமைப்பு மட்டும் உண்மையாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கடுப்பையும் மாற்றையும் எழுதும் முறை

தொட்டதும் சுரீரென்று எரியும், சில நிமிடங்களில் தோல் தடிக்கும், பிறகு அரிப்பு, சொறியச் சொறிய அது பரவுவதுபோல் இருக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாற்று மருந்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் காஞ்சொறி பட்ட இடத்தில் ‘டாக்’ என்னும் அகன்ற இலையைத் தேய்த்துக்கொண்டே ஒரு சிறு மந்திரப் பாட்டைச் சொல்வது பிள்ளைகளின் வழக்கம். எங்கள் வீட்டில் அப்பத்தா விளக்கெண்ணெயைத்தான் எடுப்பார். செந்தட்டியும் ஆமணக்கும் ஒரே குடும்பம் என்பது அவருக்குத் தெரியாது. அக்காள் கடித்ததைத் தங்கை ஆற்றுகிறாள் என்ற அழகான விதி அதனால் எனக்குக் கிடைத்தது. இதைக் கதைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பட்டுவிட்டால், தேய்க்காமல், ஒட்டும் நாடாவை மெல்ல ஒற்றிச் சுணையை எடுத்துவிட்டு, சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆறாம் படி: நேரில் சென்று பாருங்கள்

எழுதத் தொடங்குமுன் ஒருமுறையாவது செடியைப் பாருங்கள். முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் அணிந்து, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால், சுணை ஒளிபட்டு வெள்ளி மயிர்போல மின்னுவதைத் தொடாமலே காணலாம். எந்த மரத்தை அல்லது முள்ளைப் பற்றி ஏறியிருக்கிறது, எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, ஆடுகள் அதை ஒதுக்கிப் போகின்றனவா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேலி வெட்டும் வேலையில் பழகிய பெரியவர் ஒருவரிடம், “ஐயா, இதை எப்படி வெட்டுவீங்க?” என்று மட்டும் கேளுங்கள். மந்திரத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். அரிவாளை எந்தக் கோணத்தில் பிடிப்பது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் நிற்பது, வெட்டிய கொடியைக் கவைக்கம்பால் எங்கே தள்ளுவது என்று அவர் சொல்லிக்கொண்டு போவார். அந்தச் சொற்களை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, உங்கள் மந்திரக்காரி முதன்முறையாகச் செடியை நெருங்கும் காட்சியில் அவளுடைய கைகளுக்குக் கொடுங்கள்.